அப்பா எக்ஸ்-சர்வீஸ்மேனா? சுகர் இருக்கா? அந்த மெடிக்கல் போர்டு பேப்பரை முதல்ல தேடுங்க

சீனியர் சிட்டிசன் ஹெல்த் பாலிசி பற்றி வீடியோ போடும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாம வரும். "அப்பா ஆர்மில இருந்து ரிட்டயர் ஆனவர், சுகர் இருக்கு, எந்த பாலிசி எடுக்கலாம்?" பாலிசிக்கு அப்புறம் வரலாம். அதுக்கு முன்னாடி வீட்டு பீரோவில் ஒரு பேப்பர் இருக்கான்னு பாருங்க. பல வீடுகளில் அந்தப் பேப்பர் மாசம் சில ஆயிரம் ரூபாய் பெறும். அது என்னன்னு தெரியாமலேயே டிஸ்சார்ஜ் புக்கோட சேர்த்து மடிச்சு வைச்சிருப்பாங்க.

அதுக்குப் பேரு ரிலீஸ் மெடிக்கல் போர்டு புரொசீடிங்ஸ். சுருக்கமா ஆர்எம்பி.

ராணுவத்தில் சேரும்போது மெடிக்கல் செக்கப் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். வெளியே வரும்போதும் ஒண்ணு இருக்கு. சர்வீஸில் இருக்கும்போதே சுகர் கண்டுபிடிக்கப்பட்டு 'லோ மெடிக்கல் கேட்டகிரி'யில் போடப்பட்டவர்களை, ஓய்வுக்கு முன்னாடி ராணுவ மருத்துவர்கள் குழு பரிசோதிக்கும். வெறும் வயிற்று சர்க்கரை, சாப்பிட்ட பின் சர்க்கரை, எச்பிஏ1சி, கண் விழித்திரை, சிறுநீரகம், இசிஜி எல்லாம் பார்த்து ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தர் கருத்து எழுதுவார். அதை வைத்து போர்டு முடிவு எழுதும்.

மருத்துவ ரிப்போர்ட்டா படிச்சா அதில் பெரிசா ஒண்ணும் இல்லை. பணக் கணக்கா படிச்சா மூணு இடம் முக்கியம்.

முதல் இடம், இந்த நோய் ராணுவப் பணியால் வந்ததா, அல்லது பணியால் அதிகமானதா என்ற கேள்வி. ரெண்டுக்கும் தனித்தனியா ஆம், இல்லைன்னு எழுதியிருப்பாங்க. ரெண்டாவது, ஊனத்தின் சதவீதம். டைப் 2 சுகருக்குப் பெரும்பாலும் 20 சதவீதம், ஆயுள் முழுக்கன்னு போட்டிருப்பாங்க. மூணாவது இடத்தில்தான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. "ஊனமுற்றோர் பென்ஷனுக்குத் தகுதியான நிகர சதவீதம்"னு ஒரு கட்டம் இருக்கும். அங்கே 'நில்' என்று இருக்கும்.

20 சதவீதம்னு எழுதிட்டு அடுத்த வரியிலேயே எப்படி நில்? முதல் கேள்விக்கு ரெண்டு இடத்திலும் 'இல்லை'ன்னு போட்டிருப்பாங்க. ராணுவ பாஷையில் 'என்ஏஎன்ஏ'. பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடினதும் இல்லை என்று அர்த்தம். காரணத்துக்கு எதிரே ஒரே ஒரு வரி: "அமைதிப் பகுதியில் பணியாற்றியபோது ஏற்பட்டது." இல்லைன்னா, "வாழ்க்கை முறை நோய்." அவ்வளவுதான்.

இப்ப கணக்குக்கு வருவோம். 100 சதவீத ஊனம்னா கடைசியா வாங்கின சம்பளத்தில் 30 சதவீதம் ஊனப் பகுதியா, சர்வீஸ் பென்ஷனோட கூடுதலா வரும். சதவீதம் குறைஞ்சா அதே விகிதத்தில் குறையும். கடைசிச் சம்பளம் எம்எஸ்பி சேர்த்து 50,000 ரூபாய்னு வைச்சுக்குங்க. 100 சதவீதத்துக்கு 15,000. 20 சதவீதத்துக்கு 3,000. ஆனா இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கு. 50-க்குக் கீழே இருக்கிற சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் முறை இருக்கு. பென்ஷன் வட்டாரத்தில் 'ரவுண்டிங் ஆஃப்' என்பார்கள். சர்வீஸை முழுசா முடிச்சு சாதாரணமா ஓய்வு பெற்றவர்களுக்கும் இது பொருந்தும்னு உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவ்தார் வழக்கில் உறுதி செய்தது. அப்போ 20 என்பது 50 ஆகுது, 3,000 என்பது 7,500 ஆகுது. அகவிலைப்படி தனி. வருஷத்துக்கு 90,000. நீங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு மாசாமாசம் போடுற எஸ்ஐபி அளவுக்கு ஒரு தொகை, அப்பாவுக்கு ஆயுள் முழுக்க.

அந்த 'இல்லை'யை மாற்ற முடியுமா? முடியும். ஆனா எல்லாருக்கும் கிடைக்கும்னு சொல்ற யூடியூப் தம்ப்நெயிலை நம்பாதீங்க.

2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். சேரும்போது எந்த நோயும் இருந்ததா பதிவு இல்லைன்னா, பின்னால் வந்த நோய் பணியால் வந்ததுன்னே முதலில் எடுத்துக்கணும். சந்தேகத்தின் பலன் வீரருக்கு. இல்லைன்னு சொல்ற போர்டுதான் காரணம் காட்டணும். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் டைப் 2 சுகர் வழக்கு ஒன்றிலேயே இதைப் பேசியது. அமைதிப் பகுதியில் இருக்கும்போது வந்தது என்பது மட்டும் மறுப்பதற்குப் போதுமான காரணம் இல்லை, பணிதான் காரணம் இல்லைன்னா வேறென்ன காரணம்னு போர்டு விளக்கணும் என்றது. அதே சமயம், அப்பாவோட பேப்பரில் குடும்ப வரலாறு, எடை, டயட் சொல்லியும் கேட்காதது என்று போர்டு விவரமா எழுதியிருந்தா வழக்கு கஷ்டம். காரணத்தோட எழுதின மருத்துவக் கருத்தை நீதிமன்றங்கள் லேசில் தள்ளுவதில்லை. அதனாலதான் முதல்ல பேப்பரைப் படிங்கன்னு சொல்றேன்.

இன்னொரு விஷயம். 2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்திருக்கு. அதுக்கப்புறம் ரிலீஸ் ஆனவங்களுக்கு அளவுகோலும் பெயர்களும் வேற. மேலே போட்ட கணக்கு அதுக்கு முன்னாடி வந்தவங்களுக்கு. அதிலும் 2016-க்கு முன்னாடி ஓய்வு பெற்றவர்களுக்குப் பழைய சம்பள விகிதம், அதனால தொகை மாறும்.

பேப்பர் வீட்டில் இல்லைன்னா, அப்பாவோட ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு ஆர்மி நம்பர், ரேங்க், பிபிஓ எண் போட்டு ஆர்எம்பி நகல் கேட்டு எழுதணும். மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆளுன்னா அது நீலகிரி வெலிங்டன்ல இருக்கு. பதில் வரலைன்னா ஆர்டிஐ போடலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் மனு எழுத உதவுவாங்க. அப்பாவைத் தனியா அனுப்பாதீங்க, ஒரு நாள் லீவு போட்டுக் கூடப் போங்க. "பென்ஷன் வருதில்ல, விடுப்பா" என்று திரும்பி வர்றவங்கதான் அதிகம்.

அடுத்து அப்பீல். மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாசத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் இல்லைன்னா இரண்டாவது, பிறகு ஆயுதப்படை தீர்ப்பாயம். சென்னையிலேயே அதன் கிளை இருக்கு. பத்து, பதினஞ்சு வருஷம் ஆயிடுச்சேன்னு கேட்டா, பென்ஷன் என்பது மாசாமாசம் தொடரும் உரிமை என்பதால் தாமதத்தைப் பெரும்பாலும் மன்னிக்கிறாங்க. ஆனா 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: நிலுவை, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூணு வருஷத்துக்கு மட்டும். நம்ம கணக்குப்படி அது 2,70,000. அதுக்கு முன்னாடி போன வருஷங்கள் போனதுதான். நீங்க இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போட்டா இன்னொரு 90,000 அதோட சேரும்.

"ஜெயிச்சா நிலுவையில் பாதி கொடுங்க"ன்னு எழுதி வாங்குற ஆட்கள் சுத்துறாங்க. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேச வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதியே அனுமதிப்பதில்லை. ஃபீஸ் எவ்வளவுன்னு முதல்லயே பேசிக்குங்க.

உங்க தம்பியோ நண்பனோ இப்போ சர்வீஸில் இருந்தா இதையும் சொல்லுங்க. சுகர்னு தெரிஞ்சா கேட்டகிரி போட்டுடுவாங்க, புரமோஷன் போயிடும்னு பயந்து வெளியே மாத்திரை வாங்கிச் சாப்பிடுறவங்க இருக்காங்க. பயத்தில் நியாயம் இருக்கு, கேட்டகிரி கோர்ஸையும் போஸ்டிங்கையும் பாதிக்கும்தான். ஆனா ராணுவ மருத்துவமனை ஆவணத்தில் இல்லாத சுகருக்குப் பின்னாடி போர்டும் இல்லை, பென்ஷனும் இல்லை. கவனிக்காம விட்ட கண்ணும் கிட்னியும் தனிச் செலவு.

சரி, அப்பாவுக்கு ஓய்வுக்குப் பிறகுதான் சுகர் வந்ததுன்னா? மேலே சொன்ன ஆர்எம்பி கதை அவருக்கு உதவாது. ஆனா ஈசிஹெச்எஸ் இருக்கு. 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கின திட்டம். ஒரே ஒரு முறை கட்டணம். வயசு வரம்பு இல்லை, ஏற்கனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் இல்லை, அம்மாவும் உள்ளே வருவாங்க. சுகர் உள்ள 65 வயசுக்காரருக்கு இப்படி ஒரு பாலிசியை எந்தக் கம்பெனியும் விற்காது. பாலிகிளினிக் கூட்டமும் சில மாத்திரைகளுக்கு அலையறதும் எரிச்சல்தான், மறுக்கலை. அப்பா கார்டு வாங்கியிருக்காரா, அம்மாவுக்கும் கார்டு இருக்கா, வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி எம்பேனல்ல இருக்கு என்று இந்த ஞாயித்துக்கிழமை கேட்டு வையுங்க. அதுக்கு மேல தனியா பாலிசி தேவையா, எவ்வளவுக்குத் தேவைன்னு அடுத்த வீடியோவில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.