கம்மலை மீட்டுத் தந்த கணக்கு நோட்டு!

போன வருஷம் ஜூன் மாதம், மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக என் கம்மலை 15 ஆயிரம் ரூபாய்க்கு அடகு வைத்தோம். கணவருக்கு மாதச் சம்பளம். கூடுதல் வருமானத்துக்கு வழியில்லை. 'செலவைத் தான் குறைக்கணும்' என்று, ஒரு மாதம் நோட்டுப் போட்டு மளிகை, காய்கறி, கறி என ஒவ்வொன்றையும் எழுதினேன். குப்பையில் கொட்டியதையும் விடாமல் எழுதினேன். கூட்டிப் பார்த்ததும் எனக்கே திக்கென்றது!

ஞாயிறு தோறும் ஒரு கிலோ ஆட்டுக்கறி. கிலோ 800 ரூபாய் என்று வைத்தாலே, நான்கு வாரத்துக்கு 3,200 ரூபாய். குப்பைக்குப் போனதோ அழுகிய தக்காளி, வதங்கிய கொத்தமல்லி, புளித்த மாவு, மீந்த சோறு!

'ஞாயித்துக்கிழமை கறி இல்லாத வீடா?' என்று கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டார். அதனால், அடியோடு நிறுத்தாமல், மாதம் இரண்டு ஞாயிறு, அதுவும் அரை கிலோ என்று குறைத்தேன். எலும்போடு வாங்கி, கடலைப்பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய் சேர்த்து தால்ச்சா வைத்தால், ஐந்து பேருக்குத் தாராளம். மற்ற ஞாயிறுகளில் முட்டை, கொண்டைக்கடலை அல்லது மீல்மேக்கர் குழம்பு. கறிக்கு அரைக்கும் மசாலாவையே அரைத்து விடுவதால், வாசனைக்குக் குறைவில்லை.

'பிள்ளைகளுக்குச் சத்து வேண்டாமா?' என்று கேட்பீர்கள். 100 கிராம் துவரம் பருப்பில், 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் பருப்பை, இப்போது ஒரு மாதம் கூட விடுவதில்லை.

வீணாவதைத் தடுக்க, மாமியார் கை கொடுத்தார். பீர்க்கங்காய்த் தோலில் துவையல், முள்ளங்கிக் கீரையில் பொரியல், காலிபிளவர் தண்டில் கூட்டு, கொத்தமல்லிக் காம்பு ரசத்துக்கு என்று, எல்லாம் அவர் சொல்லித் தந்தது தான். இரவு மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால், காலையில் மோரும், சின்ன வெங்காயமுமாகப் பழைய சோறு. புளித்த மாவு குழிப்பணியாரமாகி விடும். பிரிஜ்ஜில் இருக்கும் காய் தீர்ந்த பிறகே, மார்க்கெட்டுக்குப் பை எடுக்கிறேன்.

மிச்சமான பணத்தை அவ்வப்போது டப்பாவில் போட்டு வைத்தேன். இந்த மார்ச்சில் முதலும், வட்டியுமாகக் கட்டிக் கம்மலை மீட்டு விட்டோம். இப்போது கணவரே, 'இந்த வாரம் கொண்டைக்கடலை தானே?' என்கிறார்!

சகோதரிகளே, நீங்களும் ஒரு மாதம் குப்பைக்குப் போவதைக் குறித்து வைத்துப் பாருங்களேன். உங்கள் வீட்டுக் கம்மலும் அதற்குள் தான் ஒளிந்திருக்கும்!

— ஒரு வாசகி, திண்டுக்கல்.