இடது காலா, வலது காலா? ரத்த உறைவும் மெடிக்கல் கோடிங்கும்

"மெடிக்கல் கோடிங்னா நீங்க பண்ற கோடிங் மாதிரியா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இல்லவே இல்ல. நான் ஜாவா எழுதிப் பொழைக்கிறவன். என் பெரியம்மா பொண்ணு, பயோடெக் படிச்ச அக்கா, மதுரையில மெடிக்கல் கோடர். அவங்க ஒரு வரி புரோகிராம்கூட எழுதுறதில்ல. அமெரிக்காவில டாக்டர் எழுதின குறிப்பைப் படிச்சு, அந்த நோய்க்கு உரிய எண்ணைப் போடுறதுதான் வேலை. அதை வச்சுத்தான் அங்க இன்சூரன்ஸ் பணம் நகரும். (ராத்திரி முழுக்க போன்ல இங்கிலீஷ் பேசுறது ஏ.ஆர். காலிங். அது வேற. கோடர்ஸ் பெரும்பாலும் பகல் ஷிஃப்ட்தான்.)

இன்னைக்கு ஒரே ஒரு நோயை மட்டும் எடுத்துக்குவோம். டி.வி.டி., அதாவது டீப் வெயின் த்ராம்போசிஸ். கால்ல ஆழத்துல ஓடுற சிரைக்குள்ள ரத்தம் உறைஞ்சு போறது. ஆபரேஷன், எலும்பு முறிவு, ரொம்ப நாள் படுக்கை, பிரசவம், புற்றுநோய்னு பல காரணம். கால் வீங்கும், வலிக்கும். ஆனா பயம் கால்ல இல்ல. அந்தக் கட்டியில ஒரு துண்டு பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிட்டா உயிரே போகலாம்.

இதுக்கு அக்கா போடுற எண் இப்படி இருக்கும்: ஐ82.412. நம்ம ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, ஒவ்வொரு இலக்கமும் ஒரு ஃபீல்டு. ஐ82ன்னா சிரையில உறைவு. அடுத்த 4, கால்ல ஆழமான சிரை, புதுசா வந்தது. அது 5ஆ இருந்தா நாள்பட்டது. அடுத்த 1, தொடைச் சிரை. கடைசி 2, இடது கால். வலதுன்னா 1, ரெண்டும்னா 3. டாக்டர் எழுதவே இல்லைன்னா 9. அமெரிக்கா 2015 அக்டோபர் 1-ல இந்த முறைக்கு மாறுச்சு. அதுக்கு முன்னாடி இருந்த ஐ.சி.டி.-9-ல எந்தக் கால்ங்கிறதுக்கு இடமே கிடையாது.

உறைவு சரியாகி, மருந்தும் முடிஞ்சு, பழைய கதை ஆயிடுச்சுன்னா எண்ணே வேற: இசட்86.718. "முன்னாடி இருந்துச்சு"ன்னு மட்டும் அர்த்தம். அக்காவுக்குத் தலைவலி இங்கதான். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வந்து போன டி.வி.டி.யை டாக்டர் ஒவ்வொரு விசிட்லயும் இன்னும் இருக்கிற மாதிரியே காப்பி-பேஸ்ட் பண்ணியிருப்பார். நோய் அதிகம் இருந்தா மெடிகேர் அட்வான்டேஜ் கம்பெனிக்கு அரசாங்கம் தர்ற பணமும் கூடும். அதனால அமெரிக்க சுகாதாரத் துறையோட இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் தணிக்கையில இதைத் தனியா தேடுது: உறைவுன்னு எண் இருக்கு, ஆனா ரத்தம் உறையாம இருக்க மருந்து வாங்கினதா பதிவே இல்ல. அப்போ அது பழைய கதையாத்தான் இருக்கணும்.

இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடிச்சது. வெளிநோயாளிக்கு "டி.வி.டி.யா இருக்கலாம்"னு டாக்டர் எழுதினா அந்த எண்ணைப் போடக்கூடாது, கால் வீக்கம், வலின்னுதான் போடணும். அதே வார்த்தை, உள்நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும்போது இருந்தா, இருக்குன்னே வச்சுப் போடலாம். சந்தேகம்னா கோடரா யூகிக்கவும் கூடாது. டாக்டருக்கே கேள்வி அனுப்பணும். அதுவும் "இது டி.வி.டி.தானே?"ன்னு பதிலை வாயில ஊட்டுற மாதிரி கேட்கக்கூடாது.

ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போகும்னு பாருங்க. தொடையில ஓடுற ஆழமான சிரை ஒண்ணுக்கு "சூப்பர்ஃபிஷியல் ஃபெமோரல் வெயின்"னு பேர். பேர்ல "மேலோட்டமான"ன்னு இருக்கு, ஆள் இருக்கிறது ஆழத்துல! இந்தப் பேரே ஆளைக் கொல்லலாம்னு 1995-ல ஜாமா இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. மேலோட்டம்தானேன்னு டாக்டர்கள் மருந்து கொடுக்காம விட்டுடுறாங்கங்கிறதுதான் அதோட கவலை. அப்புறம் வெறும் "ஃபெமோரல் வெயின்"னு சொல்லச் சொன்னாங்க.

சரி, இதெல்லாம் அமெரிக்காக்காரன் கால். இப்போ எங்க பெரியம்மா கால்.

மேலூர் பக்கத்துல இருக்காங்க. 2019-ல முட்டி எலும்பு உடைஞ்சு படுத்திருந்தப்போ கால் வீங்கி, மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். 2023-ல மறுபடி வீங்குச்சு. புது டாக்டர் ஸ்கேன் பார்த்துட்டுக் கேட்டார்: "போன தடவை எந்தக் கால்? கெண்டைக்காலா, தொடையா? எத்தனை மாசம் மாத்திரை?" பழைய உறைவு சிரையில தழும்பு விட்டுட்டுப் போகும். முந்தின ரிப்போர்ட் இல்லாம, இப்போ தெரியறது புதுசா, பழைய தழும்பான்னு பிரிக்கிறது கஷ்டம். எலும்பு உடைஞ்சு வந்ததுன்னா சில மாசத்துல மருந்தை நிறுத்தலாம். காரணமே இல்லாம ரெண்டாவது தடவைன்னா, ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டி வரலாம்.

எங்ககிட்ட இருந்த டிஸ்சார்ஜ் சீட்டுல ஒரே வரி. "கே/சி/ஓ டி.வி.டி." நோன் கேஸ் ஆஃப், அதாவது "தெரிஞ்ச கேஸ்". யாருக்குத் தெரிஞ்ச கேஸ்? இப்போ இருக்கா, போயிடுச்சா? கால் இல்ல, இடம் இல்ல, தேதி இல்ல. டாப்ளர் ரிப்போர்ட் தரவே இல்ல, நாங்களும் கேட்கல. யாரோ முகம் தெரியாத அமெரிக்கக் கிழவிக்கு எந்தக் கால்னு நாள்பூரா கேள்வி அனுப்புற அக்கா, அந்தச் சீட்டைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

டாக்டர் வேற வழியில்லாம புதுசுன்னே வச்சு வைத்தியம் பார்த்தார். பெரியம்மா இன்னும் வார்ஃபரின் சாப்பிடுறாங்க. ஐ.என்.ஆர். டெஸ்டுக்கு மாசாமாசம் பஸ் ஏறி வர்றாங்க.

அப்புறம் அக்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கட்டம் போட்டா. எந்தக் கால்? "பஸ் ஏறும்போது முதல்ல தூக்கி வைப்பேன்ல, அந்தக் கால்"னாங்க பெரியம்மா. இடது. எப்போ? "தேர் அன்னைக்கே ஓட்டுப் போட்டோம்ல, அதுக்கு ஒரு வாரம் கழிச்சு." தேரும் தேர்தலும் ஒண்ணா வந்து, மதுரையில மட்டும் ராத்திரி 8 மணி வரைக்கும் ஓட்டு நடந்துச்சே, அந்த 2019 ஏப்ரல் 18. அப்போ ஏப்ரல் கடைசி. எத்தனை மாசம் மாத்திரை? பழைய மருந்துச் சீட்டுகளை அடுக்கிப் பார்த்ததுல ஆறு மாசம்.

எந்தச் சிரை? அதைச் சொல்ல யாரும் இல்ல. அந்தக் கட்டத்துல அக்கா 9-ன்னு போட்டா.