காட்டு இருப்புப்பாதை

வடக்கனந்தலில் நின்று நோக்குவார்க்குக் கல்வராயன் மலை நீல மதில்போல் தோன்றும். அம்மலைக் காடுகள் பெரும்பாலும் வேனிற்காலத்தில் இலை உதிர்ப்பன. ஆண்டு முழுவதும் தழைத்து, கதிரவன் ஒளி நிலத்தைத் தொடாதவாறு செறிந்து நிற்கும் மழைக்காட்டைக் காண விழைவோர் மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் செல்லல் வேண்டும். அங்கே, பாலக்காடு மாவட்டத்தில் பரம்பிக்குளம் என்னும் காடு உளது. கேரள நாட்டுக்கு உரியதாயினும், அதனை அடையும் சாலை நம் பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாகவே செல்கின்றது.

வழியில் டாப்சிலிப் என்னும் இடம் வரும். மலை உச்சியில் வெட்டிய தேக்கு மரங்களை அங்கிருந்து சரிவில் உருட்டிவிடுவது முற்கால வழக்கம். உச்சியிலிருந்து சறுக்குதல் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரே ஊர்ப்பெயராயிற்று. அதனருகே ஹ்யூகோ உட் என்னும் வனத்துறை அதிகாரியின் கல்லறை உளது. அழிந்த தேக்குக் காட்டை மீண்டும் வளர்த்தவர் அவர். நடக்கும்போதெல்லாம் கைத்தடியால் நிலத்தில் குழி செய்து தேக்கு விதை இடுவார் என்பர். 1933-இல் மறைந்த அவர், தாம் வளர்த்த மரங்களின் நடுவிலேயே உறங்குகின்றார்.

பரம்பிக்குளத்து மரங்களையோ உருட்டிவிட இயலாது. ஆழ்ந்த பள்ளத்தாக்குகள் குறுக்கிட்டன. கொச்சி மன்னரின் அரசு ஒரு வழி கண்டது. சாலக்குடியிலிருந்து மலைமீது ஏறிப் பரம்பிக்குளம் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை அமைத்தது. 1907 முதல் அதில் மரவண்டிகள் ஓடலாயின. செருமனியில் செய்த நீராவி எஞ்சின்கள் சமதளத்தில் வண்டிகளை இழுத்தன.

செங்குத்தான சரிவுகளில் எஞ்சின் என் செய்யும்? அங்கேதான் அவ்வமைப்பின் நுட்பம் விளங்கும். கிணற்றுக் கப்பியில் கயிற்றை இட்டு, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு வாளியைக் கட்டினால், கனமான வாளி இறங்குகையில் மற்றது தானே மேலேறும் அன்றோ? அவ்வாறே சரிவின் உச்சியில் பெரிய உருளை நிறுத்தி, அதில் இரும்பு வடத்தைச் சுற்றினர். மரம் ஏற்றிய வண்டி தன் பாரத்தால் கீழே இறங்க, அதன் இழுப்பினால் வெற்று வண்டி மேலே ஏறிற்று. நெருப்பும் வேண்டா, நீரும் வேண்டா. விரைவை அடக்குதற்கு முட்டுக்கட்டை ஒன்றே வேண்டும். அது பிடி தளர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. வெட்டிய மரங்களை யானைகள் இழுத்து வந்து பாதையருகே சேர்த்தன. சாலக்குடிக்கு வந்த மரம், 1902-இல் திறக்கப்பட்ட சோரனூர்–கொச்சி இருப்புப்பாதை வழியே துறைமுகத்தை அடைந்தது.

மரம் உள்ளவரைதான் மரவண்டிக்கு வாழ்வு. வெட்டுதற்கு எளிதான மரங்கள் குறைந்தன, காட்டுப் பாதையைப் பேணும் செலவோ வளர்ந்தது, லாரிகளும் வந்தன. 1963-ஆம் ஆண்டுக்குள் அப்பாதை முற்றிலும் ஓய்ந்தது.

இன்று பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். வனத்துறையின் இசைவு பெற்று, வழிகாட்டியுடன் மட்டுமே அங்கு நடக்கலாம். வழிகாட்டிகள் பெரும்பாலும் காடர், மலசர் முதலிய மலைவாழ் மக்கள். முறிந்த கிளையைக் கண்டே யானை சென்ற திசையைக் கூறுவர். நகரத்தார் ஏட்டில் கற்கும் கல்வி அன்று அது. மண் மூடிய மேடே பழைய பாதை. அதில் நடப்பது எளிது. வண்டிக்காகச் சமன்செய்த வழியாதலின் ஏற்றம் மெல்லியது. மழைக்காலமாயின் அட்டைகள் காலில் ஏறும். தலைக்கு மேலே இருவாட்சிப் பறவை சிறகடிக்கும் ஓசை, துருத்தி ஊதுவதுபோல் கேட்கும். குரியார்குட்டியில் ஆற்றின்மேல் பழைய பாலத்தைக் காணலாம். பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1933-இல் இப்பகுதிப் பறவைகளை ஆராய வந்தபோது தங்கிய இடம் அது.

திரும்பும் வழியில், தூணக்கடவின் அருகே கன்னிமரத் தேக்கு நிற்கின்றது. அதன் அடிமரத்தை ஒருவர் தழுவ இயலாது. சுற்றளவு 6 மீட்டருக்கு மேல். முன்பு அதனை வெட்ட முயன்றபோது குருதி பீறிட்டது என்றும், கோடரி ஏந்தியோர் அஞ்சி விலகினர் என்றும் மலைமக்கள் கூறுவர். அன்று முதல் அதற்குப் பூசை நடைபெறுகின்றது. இருப்புப்பாதை ஓடிய காலம் முழுவதும் அம்மரம் அங்கேயே நின்றது.