அக்கரையில் ஒரு வாடகை வீடு

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் ரயில் பாதையில், கொல்லங்கோட்டை அடுத்து வரும் முதலமடை என்னும் கிராமம், ஜனவரி மாதத்திலேயே மாம்பழத்தைச் சந்தைக்கு அனுப்பிவிடும் தோப்புகளுக்குப் பெயர் போனது. அந்தப் பழங்களைப் பின்தொடர்ந்து இவ்வூர் மக்களில் சிலரும் வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்; அவர்களிலும் சிலர், தனியாகச் சென்ற காலம் முடிந்து, மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் நிலைக்கு உயர்ந்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கட்டத்தைப் பற்றியது. அதாவது, கண்ணால் பாராத ஓர் ஊரில், கைப்பேசியில் வந்த சில படங்களைக்கொண்டு, ஒரு குடும்பம் தான் குடியிருக்கப்போகும் வீட்டைத் தீர்மானிக்கும் விசித்திரமான சந்தர்ப்பத்தைப் பற்றியது.

விசித்திரம் என்று சொல்லக் காரணம் உண்டு. வீட்டைத் தேர்ந்தெடுப்பது என்னும் காரியம் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் பழக்கமில்லாதது. ஊரிலேயே இருந்துவிட்டவர்களுக்கு வீடு பாட்டன் வைத்துவிட்டுப் போனது. அல்லது பாகத்தில் கிடைத்தது. பெண்களுக்கோ கல்யாணத்தோடு சேர்ந்து வந்தது. ஊரைவிட்டுப் போனவர்களின் கதை இன்னும் பரிதாபமானது. சென்ற நூற்றாண்டுகளில் இலங்கையின் தோட்டங்களுக்கும், மலாயாவின் ரப்பர் காடுகளுக்கும், நம் பக்கத்திலேயே இருக்கும் மூணாற்றின் தேயிலை மலைகளுக்கும் சென்ற தமிழர்களுக்கு, வேலையோடு வீடும் கொடுக்கப்பட்டது. அந்த வீடு, லயம் எனப்படும் தொடர் வீட்டு வரிசையில் ஓர் அறை. இலங்கைத் தோட்டங்களில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குள் ஒரு குடும்பம் முழுவதும் பிறந்து வளர்ந்து மடிந்ததுண்டு. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு இடுக்கி ஜில்லாவின் பெட்டிமுடியில் மலை சரிந்தபோது எழுபது பேரோடு மண்ணில் புதைந்தவை இத்தகைய லயங்கள்தாம். அவர்கள் எவரும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். ஆகவே, 'எந்த வீடு வேண்டும்?' என்று ஒரு முதலமடைக் குடும்பத்தை இன்று ஒருவர் கேட்கிறார் என்றால், அந்தக் கேள்வியே ஒரு பெரிய சம்பத்து என்பது என் அபிப்பிராயம். அதற்கு விடை சொல்லத்தான் நமக்கு இன்னும் அப்பியாசம் போதவில்லை.

ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கற்பித்துக்கொள்வோம். கணவன் துபாயில் ஒரு கிட்டங்கியில் கணக்கு எழுதுகிறான். சில ஆண்டுகள் நண்பர்களோடு ஓர் அறையைப் பங்கிட்டுக்கொண்டு, கட்டில் ஒன்றுக்கு மட்டும் வாடகை கொடுத்துக் காலம் தள்ளியவன். மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அங்குள்ள சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தத் தகுதி அவனுக்கு வந்துவிட்டது. ஊரில் மனைவியும், பள்ளி செல்லும் இரண்டு குழந்தைகளும், அவனுடைய தாயாரும் இருக்கிறார்கள். கேரளத்தில் பரீட்சைகள் மார்ச் மாதத்தில் முடிகின்றன. அமீரகத்தின் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளோ ஏப்ரலில் திறந்துவிடுகின்றன. ஆகையால் தோப்புகளில் மாங்காய் பறிப்பு மும்முரமாக நடக்கும் அதே வாரங்களில்தான் இந்த வீட்டில் வீடு தேடும் வேலையும் நடந்தாக வேண்டும்.

கணவன் மூன்று வீடுகளின் படங்களை அனுப்புகிறான். ஒன்று துபாயின் கராமாவில்; ஒரே படுக்கையறை, ஆனால் மெட்ரோ நிலையம் நடக்கும் தூரத்தில்; 1961இல் தொடங்கப்பட்ட இந்தியன் ஹைஸ்கூல் இருக்கும் ஊத் மேத்தா பக்கத்துப் பேட்டை; தோசை மாவிலிருந்து மல்லிகைச் சரம் வரை தெருவிலேயே கிடைக்கும். இரண்டாவது, துபாயை அடுத்த ஷார்ஜாவின் அல் மஜாஸில். இரண்டு படுக்கையறை, விசாலமான கூடம், சன்னலைத் திறந்தால் நீர்ப்பரப்பு, வாடகையும் குறைவு. மூன்றாவது, அல் நஹ்தாவில். இந்த மூன்றாவதன் பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அல் நஹ்தா என்னும் பேட்டை துபாயிலும் உண்டு, ஷார்ஜாவிலும் உண்டு. எல்லைக்கோடு இரண்டிற்கும் நடுவே ஓடுகிறது. ஒருபுறம் ஒரு சட்டம், மறுபுறம் வேறொரு சட்டம். மாநில எல்லையில் உள்ள கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய் வருகிறவர்களுக்கு, தங்கள் பஞ்சாயத்தைச் சேர்ந்த பறம்பிக்குளத்தையே தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகச் சுற்றிக்கொண்டு அடைகிறவர்களுக்கு, இது ஒன்றும் விளக்கிச் சொல்லவேண்டிய விஷயம் அன்று.

படங்களைப் பார்த்த மாத்திரத்தில் எல்லோருடைய மனமும் இரண்டாவது வீட்டின்மேல் போய் விழுவது இயற்கை. இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். வீட்டை விளம்பரம் செய்கிறவர்கள் அகன்ற வில்லையைக்கொண்டு மூலையில் நின்று எடுக்கும் படத்தில், எட்டடி அறை பதினாறடியாய் விரிந்து காட்சியளிக்கும். சமையற்கட்டின் புகை போக வழி இருக்கிறதா என்பதையோ, மெத்தைக்கு அடியில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்பதையோ எந்தப் படமும் காட்டாது. வாசற்கதவில் தொடங்கி, ஒவ்வொரு குழாயையும் திறந்து காட்டிக்கொண்டு, நிறுத்தாமல் எடுத்த ஒரு வீடியோவே ஓரளவு நம்பத்தக்கது. அதையும் பார்க்கவேண்டியவர் யார் என்பதுதான் முக்கியமான கேள்வி. காலையில் போய் இரவில் திரும்பும் கணவனுக்கு வீடு என்பது படுத்து எழும் இடம். பகல் முழுவதும் அதற்குள் இருக்கப்போகிறவள் மனைவி. ஆனால் வழக்கத்தில் நடப்பதோ, முன்னால் போனவன் தன் வேலையிடத்தையும் தன் பணப்பையையும் அளவுகோலாக வைத்து ஒன்றைப் பேசி முடித்துவிட்டுச் செய்தி சொல்வதுதான். மாமியார் கேட்கிற கேள்வி ஒன்று, மருமகள் கேட்கிற கேள்வி ஒன்று, அந்த இரண்டும் எந்தத் தரகனுடைய பட்டியலிலும் இராது. "தாளிச்சாப் பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்களா, கண்ணு?" என்பது முதற்கேள்வி. "ஏனுங்க, மத்தியானம் வெயில் எந்தப் பக்கமுங்க விழுகுது?" என்பது இரண்டாவது. மேற்குப் பார்த்த கண்ணாடிச் சன்னல் உள்ள அறை, ஜூலை மாதத்துப் பிற்பகலில் என்ன ஆகும் என்பதை, 45 டிகிரி வெப்பத்தைக் குளிர்சாதனத்தோடு போராடிக் கழித்தவர்களும், அதற்கான மின்கட்டணத்தைச் செலுத்தியவர்களும் நன்கு அறிவார்கள். சில கட்டடங்களில் குளிரூட்டும் நீரை வேறொரு கம்பெனி மொத்தமாக அனுப்புகிறது. அதற்குத் தனி முன்பணம், தனிக் கட்டணம். வாடகை குறைவென்று மகிழ்ந்தவர்கள் இந்த ரசீதைக் கண்டு திகைப்பதுண்டு.

பணக்கணக்கைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் நம் ஊரில் மாதந்தோறும் வாடகை, வந்தவுடன் ஓர் அட்வான்ஸ் என்பதோடு முடிந்துபோகும் ஏற்பாடு அங்கே வேறு விதமாக இருக்கிறது. வாடகை ஆண்டுக்குப் பேசப்படுகிறது. பின்தேதியிட்ட காசோலைகளாக, ஒன்றாகவோ நான்காகவோ ஆறாகவோ, சில இடங்களில் பன்னிரண்டாகவோ, முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். காசோலைகளின் எண்ணிக்கை குறையக் குறைய வாடகையும் பேரத்துக்கு இணங்கும். உதாரணத்துக்குத் துபாயில் ஆண்டு வாடகை 50,000 திர்ஹாம், நான்கு காசோலைகள் என்று வைத்துக்கொள்வோம். முதற்காசோலை 12,500, சாமான்கள் இல்லாத வீட்டுக்கு வழக்கமான முன்பணம் 5 சதவீதம், அதாவது 2,500, தரகு ஏறக்குறைய அதே அளவு, மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு அடுக்குமாடி வீடானால் 2,000. இவ்வாறு, உள்ளே காலெடுத்து வைப்பதற்குமுன் 19,500 திர்ஹாம், நம் பணத்தில் நான்கரை லட்சம் ரூபாய்க்கு மேல், கையை விட்டுப் போகிறது; பதிவுக் கட்டணமும் கட்டிலும் பாத்திரமும் இதில் சேரவில்லை. பின்பு ஆண்டு வாடகையில் 5 சதவீதம் நகரசபைக்கு உரிய வீட்டுவரியாக மாதந்தோறும் மின்கட்டண ரசீதோடு ஒட்டிக்கொண்டு வரும். 2022 ஜனவரி முதல், பணமின்றித் திரும்பிய காசோலைக்கு முன்போல் எடுத்தவுடன் கிரிமினல் வழக்கு என்னும் பயம் பெரும்பாலும் நீங்கியிருந்தாலும், பணத்தை வசூலிக்கும் வழிகள் கடுமையாகத்தான் இருக்கின்றன. ஆகையால் தேதிகளைச் சம்பளநாளுக்குப் பிந்தியதாக எழுதுவது விவேகம்.

துபாயில் 2010 முதல் வாடகை ஒப்பந்தங்கள் 'இஜாரி' என்னும் அரசாங்கப் பதிவேட்டில் ஏறவேண்டும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் மின் இணைப்பு இல்லை. குடும்ப விசாவுக்கு வீடு இருக்கிறதென்று நிரூபிக்கவும் அதுவே வேண்டும். எனவே 'இஜாரி வேண்டாம், வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்' என்று தயை காட்டுகிறவர்களிடமிருந்து விலகிக்கொள்வதே மேல். வீட்டைப் பார்க்கும் முன்னரே முன்பணம் கேட்கிறவர்களைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. மற்றபடி, சட்டம் வாடகைக்குடிக்கு முற்றிலும் பகையாக இல்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வாடகையை மாற்றவேண்டுமானால் 90 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க ஆணைப்படி, கொடுத்துவரும் வாடகை அந்த வட்டாரத்தின் சராசரியைவிட 10 சதவீதத்துக்கு மேல் தாழ்ந்திருந்தால்தான் உயர்த்தவே முடியும், எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் 20 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது. வீட்டை விற்பதற்காகவோ, தானே குடியிருப்பதற்காகவோ காலி செய்யச் சொல்லும் உரிமையாளர் முறைப்படி 12 மாத அவகாசம் கொடுத்தாக வேண்டும். ஷார்ஜாவின் 2024ஆம் ஆண்டுச் சட்டமோ, வாடகைக்குடி சம்மதித்தாலன்றி முதல் மூன்று ஆண்டுகளுக்கு வாடகையை உயர்த்தலாகாது என்கிறது.

அப்படியானால் ஷார்ஜாதானே நல்லது? பலர் அவ்வாறு எண்ணித்தான் போகிறார்கள். ஆனால் துபாயில் வேலையும் ஷார்ஜாவில் வீடுமாக இருப்பவர்களின் வாழ்நாளில் கணிசமான ஒரு பாகம் அல் இத்திஹாத் சாலையில், முன்னால் நிற்கும் காரின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே கழிந்துவிடுகிறது. வாடகையில் மிச்சமான பணத்தைச் சுங்கமும் பெட்ரோலும் ஓரளவு எடுத்துக்கொள்ள, குழந்தைகள் விழித்திருக்கும் நேரத்தை அந்தச் சாலை எடுத்துக்கொள்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. இதை எந்தத் தரகரும் சொல்வதில்லை. 2022 முதல் ஷார்ஜாவில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வாரவிடுமுறை வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாட்கள். துபாயில் சனியும் ஞாயிறும், வெள்ளியன்று சிலருக்கு அரைநாளும். ஷார்ஜாவில் படிக்கும் குழந்தை வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்கும். துபாயில் வேலை பார்க்கும் தகப்பன் அன்று வேலையில் இருப்பான். புதிய ஊரில், தெரியாத பாஷைகளின் நடுவே, அந்த ஒரு நாள் முழுவதையும் தனியே சமாளிக்கப்போகிறவள் யார் என்பதையும் வீட்டு வாடகையோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிய விசாரணை பெரும்பாலும் திருட்டு பயத்தோடு நின்றுவிடுகிறது. அந்த ஊர்களில் திருட்டைவிட நெருப்பே பெரிய அபாயம். 2024 ஜூன் 12ஆம் தேதி விடியற்காலையில் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பற்றியதில் இறந்தவர்களுள் குறைந்தது 45 பேர் இந்தியர். அவர்களில் பெரும்பாலோர் கேரளத்தையும் தமிழ்நாட்டையும் சேர்ந்தவர்கள். அறைகளைத் தடுத்திருந்த பொருள்கள் எளிதில் எரியக்கூடியவையாக இருந்தன. மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. அது கம்பெனி கொடுத்த இருப்பிடம். தாமே வீடு தேர்ந்தெடுக்கும் பாக்கியம் உள்ளவர்கள், தடுப்புப் பலகையால் கூறுபோட்ட வீடு மலிவாகக் கிடைத்தாலும் ஒதுக்கிவிட்டு, அவசரப் படிக்கட்டு வரை ஒருமுறை நடந்து பார்ப்பது அவசியம். தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலைவனத்தில் போய் வெள்ளத்தைப் பற்றி விசாரிப்பதா என்று மூலத்தறை, சுள்ளியாறு அணைகளை நம்பித் தண்ணீர்க் கவலையோடு வாழ்கிற நம்மவர்கள் சிரிக்கலாம். 2024 ஏப்ரல் 16ஆம் தேதி அமீரகத்தில் பெய்த மழை, 1949இல் பதிவுகள் தொடங்கியதுமுதல் காணாதது. அல் ஐன் அருகே ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஷார்ஜாவின் சில பேட்டைகளில் நாட்கணக்கில் தண்ணீர் வடியாமல் நின்றது. மின்தூக்கி ஓடாமல் மாடியிலேயே சிறைப்பட்டவர்களும் உண்டு. அந்த நாட்களில் இந்தத் தெரு எப்படி இருந்தது என்று கட்டடத்தின் காவற்காரரைக் கேட்டால் போதும். அவர் பெரும்பாலும் நம் தேசத்தவராகவோ வங்காளியாகவோ இருப்பார், உண்மையைச் சொல்லிவிடுவார்.

தேசத்துக்குத் தேசம் வழக்கம் மாறும். நர்ஸ் உத்தியோகத்துக்காக ஜெர்மனி செல்லும் குடும்பங்கள், வாடகைக்கு எடுத்த வீட்டில் சமையலறை வெறும் நான்கு சுவராக நிற்பதைக் கண்டு ஸ்தம்பித்துப்போவதுண்டு. அங்கே அடுப்பும் அலமாரியும் பல வீடுகளில் குடிவருகிறவர் கொண்டுவர வேண்டியவை. முன்பணமாகச் செலவுகள் சேராத வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். இங்கிலாந்தில் 2019 முதல், சாதாரண வாடகை வீடுகளுக்கு முன்பணம் ஐந்து வார வாடகையைத் தாண்டலாகாது. அதையும் உரிமையாளர் தம் பையில் போட்டுக்கொள்ளாமல், அரசாங்கம் அங்கீகரித்த காப்புத் திட்டம் ஒன்றில் 30 நாட்களுக்குள் சேர்த்தாக வேண்டும்.

நம் உதாரணக் குடும்பத்துக்கு வருவோம். அவர்களுக்காக நான் தீர்மானிப்பதானால், அல் மஜாஸின் நீர்ப்பரப்பை ஆசையோடு ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடுவேன். கராமா கட்டுப்படியாகுமானால் அதுவே உத்தமம்; கட்டுப்படியாகாதபோது, அல் நஹ்தாவின் துபாய்ப் பக்கத்தில், மெட்ரோவின் ஸ்டேடியம் நிலையத்துக்குப் பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில், கிழக்கு நோக்கிய சமையற்கட்டுள்ள ஒரு சிறு வீட்டை, முதல் ஆண்டுக்கு மட்டும் என்ற எண்ணத்தோடு எடுக்கச் சொல்வேன். ஓராண்டு அங்கே வாழ்ந்தபின், எந்தத் தெருவில் நிழல் உண்டு, எந்தப் பள்ளி வண்டி நேரத்துக்கு வரும், எந்தக் கடையில் முருங்கைக்கீரை கிடைக்கும் என்பதெல்லாம் மனைவிக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது வீட்டை அவளே பார்த்துக்கொள்வாள். அதுவரையில் கணவன் செய்யவேண்டியது, சாவி வாங்கும் நாளிலேயே சுவரின் கீறல், குழாயின் ஒழுக்கு, உடைந்த ஓடு எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்பி வைப்பதும், ஒப்பந்தம் முடிய மூன்று மாதங்கள் இருக்கும்போது நாட்காட்டியில் ஒரு குறி இட்டுக்கொள்வதும்தான்.