மருந்து முடிந்த பிறகு

நான் பிசியோதெரபிஸ்ட். எங்கேயாவது வலிக்கிறது என்றுதான் எங்களைத் தேடி ஆட்கள் வருவார்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு வலிப்பதில்லை. அதுதான் அவர்களுடைய பிரச்சினையே. வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில், தொழுநோய் வந்து குணமானவர்களின் கை கால்களைக் கவனிப்பது என் வேலை. உள்ளங்காலில் கருவேல முள் ஏறி முறிந்திருக்கும். அதோடேயே நாலைந்து நாள் நடந்து வேலை பார்த்துவிட்டு, செருப்பில் ஈரம் கண்ட பிறகு வந்து காலை நீட்டுவார்கள்.

இந்த நோய்க்குக் காரணமான கிருமியை 1873இல் நார்வே மருத்துவர் ஹேன்சன் கண்டுபிடித்தார். மிக மெதுவாகப் பெருகும் கிருமி இது. உடம்புக்குள் புகுந்தபின் அடையாளம் தெரியவே சராசரியாக 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகும். தோலையும், முழங்கை, முழங்கால், கணுக்கால் அருகே மேலாக ஓடும் நரம்புகளையும் பிடிக்கும். உலக சுகாதார நிறுவனம் 1981இல் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நோயின் தன்மையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் மாத்திரை சாப்பிட்டால் போதும். கிருமி செத்துவிடும்; அடுத்தவருக்குப் பரவாது. ஆனால் அதற்குள் முழுதாகப் பாழான நரம்புக்கு அந்த மாத்திரை உயிர் கொடுக்காது.

தொழுநோய் வந்தால் விரல் அழுகி விழும் என்று நம் ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தவர் மருத்துவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நோயாளிகள் வேலை செய்வதையும் நடப்பதையும் தூங்குவதையும் பொறுமையாகக் கவனித்தார். சதை தானாக அழுகுவதில்லை என்பது தெரிந்தது. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் பிடிப்பது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுவது, உணர்வில்லாமல் விட்டுவிடும் சிறு காயம், இவைதான் விரல்களைத் தின்றன. சிலருக்கு இரவில் தூக்கத்தில் விரல்களை எலி கடித்திருந்தது, அவர்கள் விழிக்கவேயில்லை. அதனால் வீடு திரும்புகிறவர்களிடம் ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்கள். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அவர் வளர்த்தெடுத்ததும் வேலூரில்தான். எனக்கு அந்த அறுவை சிகிச்சையைவிடப் பூனைதான் பெரிது. நோயாளி எந்த வீட்டில், எந்தத் தரையில் படுக்கிறார் என்பதுவரை யோசித்த மருத்துவம் அது.

என் வேலையும் தரையை ஒட்டியதுதான். ஒரு டப்பில் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் காலை ஊறவைக்கச் சொல்வேன். காய்த்துப்போன இடத்தைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்க்க வேண்டும். ஈரம் காயும் முன்னே எண்ணெய் தடவ வேண்டும். வியர்வைச் சுரப்பிகளும் செயலிழப்பதால் தோல் வறண்டு வெடிக்கும். வேறு கிருமிகள் உள்ளே போக அந்த வெடிப்பு போதும். அதன்பிறகு எம்.சி.ஆர். செருப்பு. மெத்தென்ற ரப்பர் அடி, பின்பக்கம் பட்டை, ஆணி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

செருப்பைக் கொடுப்பது சுலபம், போடவைப்பதுதான் பாடு. கூலிக்கு நடவு நடும் ஓர் அக்கா, கொடுத்த ஜோடியைப் பரணில் வைத்திருந்தார்.

"ஏன்க்கா போடல?"

"இதப் போட்டுனு தெருவுல போனா, எனுக்கு இன்னா வியாதின்னு ஊருக்கே தெரியும் சிஸ்டர். பொண்ணுக்கு மாப்ள பாக்குற நேரம்."

அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. எல்லோரும் போடும் செருப்பைப் போலவே, அவர் கேட்ட நிறத்தில், மேல்பட்டையை மாற்றித் தைக்கச் சொன்னோம். போட்டார். ஆனாலும் நடவுச் சேற்றில் எந்தச் செருப்பும் நிற்காது. நேபாளத்தின் தராய் சமவெளியில் சில காலம் வேலை செய்தபோதும் இதே நெல் வயல், இதே சேறு, உள்ளங்காலில் இதே குழிப்புண். அங்கே நோயாளிகள் குழுவாகக் கூடி, ஒருவர் காலை இன்னொருவர் பார்க்கிறார்கள். எந்த வேலையில் அந்தப் புண் வந்தது என்று பேசி, அந்த வேலையை எப்படி மாற்றிச் செய்யலாம் என்று தங்களுக்குள் முடிவெடுக்கிறார்கள். படித்த எங்களைவிட அவர்கள் சொல்வதைத்தான் மற்றவர்கள் கேட்கிறார்கள்.

பத்தாயிரம் பேருக்கு ஒரு தொழுநோயாளிக்கும் குறைவு என்ற நிலையை 2005 இறுதியில் எட்டிவிட்டதாக இந்தியா அறிவித்தது. நல்ல சாதனைதான். ஆனால் நோயே போய்விட்டது என்று பலர் புரிந்துகொண்டார்கள். 2023இல்கூட நம் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். உலகக் கணக்கில் பாதிக்கும் மேல் இது. அரிப்போ வலியோ இல்லாத, தொட்டால் உணர்வு குறைந்த தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். நரம்பு கெடும் முன்னே வந்தால் என்னைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது.

மாத்திரை முடிந்த நாளில், சிகிச்சையில் இருப்போர் கணக்கிலிருந்து ஒருவரின் பெயர் நீங்கிவிடுகிறது. இருபத்தைந்து வயதில் குணமானவர் இன்னும் நாற்பது, ஐம்பது வருடம் அதே காலில்தான் நடக்க வேண்டும். அந்த வருடங்களுக்கும் ஒரு பதிவேடு வேண்டும், கட்டுத்துணியும் செருப்பும் கேட்காமலே கிடைக்க வேண்டும் என்று போகிற கூட்டங்களில் எல்லாம் சொல்லிவருகிறேன். வீட்டாரிடம் கேட்பது வேறு. சாயங்காலம் கை கால் கழுவியதும் அவருடைய உள்ளங்காலை யாராவது ஒருவர் பார்த்துவிடுங்கள். இந்த நோயில் இமை மூட முடியாமல் சிலருக்குக் கண்ணும் மங்கிப்போகிறது. தன் காலைத் தானே பார்த்துக்கொள்ள அவர்களால் முடியாது.