காட்சியின்பமும் காடு காத்தலும்

நகர வாழ்வின் இரைச்சலாற் களைத்த மனம் காட்டையும் மலையையும் நாடுதல் இயல்பு. ஆயின், ஓரிடத்தின் அழகை நாடிச் செல்லும் கூட்டமே அவ்வழகு அழிதற்குக் காரணமாதலும் உண்டு. இன்பந் துய்த்தலையும் இயற்கையைக் காத்தலையும் இயைவிப்பது எங்ஙனம் என்பதை, மாணவர் பலர் கல்விச் சுற்றுலாவிற் கண்டு மகிழும் ஹோர்ட்டன் சமவெளியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வாம்.

நுவரெலியாவுக்குத் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல், ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர் பரப்பில் அமைந்தது இப்பூங்கா. புல்வெளியும் முகிற்காடும் இங்கே மாறி மாறிக் காணப்படும். பாசி போர்த்த குறுமரங்கள் தவழும் முகிலினின்றும் நீர்த்துளிகளைப் பற்றி நிலத்தில் இறக்குவன. நிலமோ அந்நீரை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு வழங்குவது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் செல்கின்றது. ஆதலின், இங்குள்ள பாசியும் புல்லும் கண்ணுக்கு விருந்து மட்டுமல்ல. தாழ்நிலத்து உழவனின் வயலுக்கும் முதலாவன.

பொழுதுபோக்கு இந்நிலத்துக்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சாமுவேல் பேக்கர் முதலிய ஆங்கிலேயர் வேட்டைநாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கொன்றதும் பொழுதுபோக்கே. தூண்டில் விளையாட்டுக்காக அயல்நாட்டு ட்ரவுட் மீன்களை ஓடைகளில் விட்டதும் அதுவே. 1988ஆம் ஆண்டில் இது தேசியப் பூங்காவாக்கப்பட்டது; 2010ஆம் ஆண்டில் மத்திய மலைநாட்டின் ஒரு கூறாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம் பெற்றது. துப்பாக்கி ஒழிந்தது, ஆயின் காலும் கையும் எஞ்சின.

காலால் விளையுங் கேடு யாது? பலர் நடக்கும் மண் இறுகும். இறுகிய மண் நீரை உறிஞ்சாது. மழைநீர் பாதை வழியே ஓடி அதனைப் பள்ளமாக அரிக்கும். சேற்றுக்கு அஞ்சியவர் பக்கத்துப் புல்லில் மிதிப்பர். பாதை அகலும், புல் மறையும். கையால் விளையுங் கேடு இதனினுங் கொடிது. எறியப்பட்ட உணவின் மணத்தாற் கவரப்பட்ட மரை, அதனோடு பொலித்தீனையும் விழுங்குகின்றது. இரைப்பையில் அது செரியாது தங்கி உயிரையே போக்கும். நுழைவாயிலிற் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றுதல் இதன்பொருட்டே.

குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்த நெலுச் செடிகளை இங்கு நினைத்தல் தகும். அவற்றுட் சில ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து, விதை ஈன்று, மடிவன. வாழ்நாளில் ஒரேமுறை பூக்குஞ் செடியின் கொத்தைப் பறிப்பவன், பறிப்பது மலரையன்று. அடுத்த தலைமுறையின் விதையையே பறிக்கின்றான். காட்டுக்கோழி முதலியவற்றின் உணவும் அதனோடு குறைகின்றது.

அங்ஙனமாயின், மக்களை முற்றாகத் தடுத்தல் நன்றன்றோ எனச் சிலர் வினவலாம். நன்றன்று. காணாத காட்டின்மீது எவர்க்கும் அன்பு பிறவாது. அன்பில்லாதவிடத்துச் சட்டம் காவலனில்லாத வேலியாகும். வேண்டுவது தடையன்று, வரையறையே. உலகமுடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி ஆகியவற்றைச் சுற்றிவரும் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நடைபாதை அத்தகைய வரையறைக்கு நல்ல சான்று. ஒடுங்கிய ஒரு வழியை மனிதருக்கு ஈந்து, எஞ்சிய பரப்பைப் பிறவுயிர்களுக்கு விடுதலே அதன் உட்கருத்து. பாதையினின்றும் ஓரடி விலகுபவன் இவ்வுடன்படிக்கையை மீறுகின்றான். விடுமுறை நாட்களிற் பெருங்கூட்டமாய்ச் செல்லாது, சிறு குழுக்களாய்ப் பிற நாட்களிற் செல்லுதலும் நிலத்தின் சுமையைக் குறைக்கும்.

இதில் ஆசிரியர்க்குத் தனிப்பொறுப்பு உண்டு. புறப்படுமுன் வகுப்பறையிலேயே அந்நிலத்தின் இயல்பை விளக்குவாராயின், மாணவர் ஆரவாரத்தை விடுத்து ஆராய்ச்சிக் கண்ணோடு செல்வர். கொண்டு சென்றதனைத்தையும் மீளக் கொணர்ந்து, அங்குள்ள எதனையுங் கொணராது திரும்புதலே சிறந்த சுற்றுலா. நாம் கண்ட முகிற்காட்டை நமக்குப்பின் வருவோரும் காணுதல், நம் கால்கள் பாதையில் நிற்பதைப் பொறுத்தது.