மாதுளையில் இரண்டு வகைப் பூ

“பூவாய்ப் பூக்கிறது, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை.” வீட்டில் மாதுளை வைத்திருக்கும் பலரும் சொல்லும் குறை இது. உடனே மருந்து வாங்க ஓட வேண்டாம். உதிர்ந்து கிடக்கும் பூவை எடுத்து அதன் அடியைப் பாருங்கள்.

மாதுளை ஒரே செடியில் இரண்டு வகைப் பூக்களைப் பூக்கும். ஒன்று மணி போல இருக்கும். காம்புப் பக்கம் கூம்பியிருக்கும். நகத்தால் கீறிப் பிளந்தால் உள்ளே மஞ்சள் மகரந்தத் தாள்கள் நெருக்கமாக நிற்கும், சூலகமோ வளராமல் சுருங்கிக் கிடக்கும். மகரந்தம் தருவதோடு அதன் வேலை முடிந்தது, உதிர்வது இயல்பு. இன்னொன்று அடி பருத்த குடுவைப் பூ. அதன் சூல்தண்டு நீண்டு, மகரந்தத் தாள்களின் உயரத்துக்கு எட்டி நிற்கும். காயாவது இதுதான். பூவைத் தாங்கிய தடித்த சிவப்புப் புல்லிவட்டமே பிறகு பழத்தின் தலையில் கிரீடமாக மிஞ்சுகிறது.

குடுவைப் பூக்களும் கொட்டினால்தான் கவலைப்பட வேண்டும். முதலில் வெயிலைப் பாருங்கள்; நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். அடுத்தது கத்தரி. முதிர்ந்த கிளைகளிலிருந்து கிளம்பும் குட்டைச் சிம்புகளில்தான் மாதுளை பெரும்பாலும் காய்க்கும். வேலிச்செடியைப் போல நுனிகளை மழித்தால் பூவையும் சேர்த்தே வெட்டுகிறோம். மூன்று நான்கு தண்டுகளை விட்டு, அடியில் முளைக்கும் போத்துகளை மட்டும் நீக்கினால் போதும்.

பழுக்க ஐந்தாறு மாதமாகும். அதற்குள் இரண்டு ஆபத்துகள். காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென நிறையத் தண்ணீர் இறங்கினால் முத்துகள் பருத்து, ஈடுகொடுக்க முடியாமல் தோல் வெடிக்கும். ஆகவே அளவாக, சீராக ஊற்றுங்கள். ஒரு வண்ணத்துப்பூச்சி பூவிலும் பிஞ்சிலும் முட்டையிடும். புழு துளைத்து உள்ளே போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது. பிஞ்சு நின்றதுமே துணிப்பையால் கட்டிவிடுவதுதான் வீட்டுக்கு ஏற்ற வழி. பறித்த பிறகு மாதுளை மேலும் பழுக்காது, அவசரப்படாதீர்கள்.

முத்திலிருந்து முளைக்கும் கன்று தாயைப் போலவே காய்க்கும் என்ற உறுதியில்லை. பதியன் கன்றே நல்லது. இதழ்கள் அடுக்கடுக்காக விரியும் அழகு ரகம் பெரும்பாலும் காய்க்காது. பழமும் வேண்டுமென்றால், நர்சரியில் முன்பே கேட்டு வாங்குங்கள்.